கடிக்கிற நாய்: ஜாதியா, வளர்ப்பா?

எங்கள் புளோக்கில் மின்தூக்கி ஏழாம் மாடியில் நின்றால் உள்ளே இருப்பவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்துகொள்வோம். ஏறப்போவது மினியேச்சர் ஷ்னாசர் என்ற சின்ன ஜாதி நாய். முழங்கால் உயரம்கூட இல்லை, ஆனால் இதுவரை இரண்டு பேர் கெண்டைக்காலில் பல் பதித்திருக்கிறது. “குட்டிதானேக்கா, விளையாட்டுக்குச் செய்யும்” என்று அதை வளர்க்கும் தம்பி சிரிப்பார்.

சிங்கப்பூரின் செம்பவாங்கில் தரைவீட்டில் இருக்கும் என் மாமா வளர்ப்பது ராட்வைலர் என்ற பெரிய ஜாதி நாய். எட்டு வருஷத்தில் ஒருவரையும் தொட்டதில்லை. தெருவில் அதைக் கண்டால்தான் ஆட்கள் எதிர்ப்பக்கம் போகிறார்கள்.

இதை வைத்தே ‘எல்லாம் வளர்ப்புதான்’ என்று முடித்துவிடலாம். மாமாவே ஒத்துக்கொள்ள மாட்டார். “நல்ல நாய்தாம்மா. ஆனா ஒருநாள் தப்பு பண்ணினா ரெண்டு தையலோட முடியாது” என்பார்.

இனத்தைக் குறை சொல்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஜப்பானின் தோசா சண்டைக்கென்றே உருவாக்கப்பட்ட நாய். காவலுக்கென்று தலைமுறை தலைமுறையாக, அந்நியரை நம்பாத குட்டிகளாகப் பொறுக்கி இனம் பெருக்கினால் அந்தக் குணம் ரத்தத்தில் இறங்கத்தான் செய்யும். சிங்கப்பூர் விதிகளும் இங்கிருந்தே தொடங்குகின்றன. பிட்புல், தோசா, அகிடா போன்றவற்றை இறக்குமதி செய்யவே முடியாது. ராட்வைலர், டாபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்டு எல்லாம் இரண்டாம் பட்டியல். வளர்க்கலாம், ஆனால் வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூடாது. வெளியே வந்தால் கயிறும் வாய்மூடியும் வேண்டும், குறைந்தது 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி வேண்டும், கீழ்ப்படிதல் பயிற்சியும் கட்டாயம்.

ஆனால் எண்களைப் பார்த்தால் ‘எல்லாம் இனம்தான்’ என்ற வாதம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. 2022இல் அமெரிக்காவில் 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி உரிமையாளர்களிடம் கேட்டு, 2,155 நாய்களின் மரபணுவையும் படித்தார்கள். ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டைத்தான் இனத்தால் விளக்க முடிந்தது. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதற்கோ இனத்தின் பெயர் கிட்டத்தட்ட உதவவே இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு பின்லாந்தில் சுமார் 9,000 நாய்களை வைத்துச் செய்த ஆய்வு இனங்களுக்குள் வித்தியாசம் இருப்பதாகத்தான் சொன்னது. ஆனால் மனிதர்மேல் சீறுவதில் முன்வரிசையில் நின்றவை ரஃப் கோலி, சிறிய பூடில், அப்புறம் நம் ஏழாம் மாடி மினியேச்சர் ஷ்னாசர்! பயந்த சுபாவமுள்ள நாய்களே அதிகம் சீறுகின்றன என்பதும் அதில் தெரிந்தது.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது? கொஞ்சம் தாயிடமிருந்து. குட்டி வாங்கும்போது இனச் சான்றிதழைவிடத் தாய் நாயை நேரில் பார்ப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான். மீதி, குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை உள்ள காலத்தில். அப்போது பழகாத ஆள், சத்தம், குடை, சக்கர நாற்காலி எல்லாம் பிறகு அதற்குப் பூதம்தான். நம் ஊரில் குட்டி கைக்கு வரும்போதே அதில் பாதி போய்விடுகிறது. மீதியும் தடுப்பூசி முடியட்டும் என்று நான்கு சுவருக்குள் கழிகிறது. பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு புளோக்கின் கீழ்த்தளத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலே போதும். யார் செய்கிறார்கள்?

அப்புறம் அடி. முரட்டுத்தனமான பயிற்சி பற்றி 2009இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நாயை அடித்த அல்லது உதைத்த உரிமையாளர்களில் 43 விழுக்காட்டினர் அது பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொன்னார்கள். உறுமும்போதெல்லாம் அடித்தால் நாய் உறுமலை விட்டுவிடும், கடியை விடாது. இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. ‘உரிமையாளர்’ என்கிறோம், ஆனால் காலையும் மாலையும் கயிற்றைப் பிடித்து நடப்பது பல வீடுகளில் பணிப்பெண். பயிற்சிக்குப் போனது ஐயா, நாயை நடத்துவது வேறொருவர். அவருக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுப்பதில்லை.

என் கணக்கு இதுதான்: கடிக்குமா என்பதைப் பெரும்பாலும் வளர்ப்பு தீர்மானிக்கிறது, கடித்தால் என்ன ஆகும் என்பதை உடம்பும் தாடையும். பெரிய நாய்களுக்குக் கூடுதல் விதி இருப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டியல் இனத்தைப் பார்த்துப் போட்டதுதான், ஆனால் கயிறு, வாய்மூடி, பயிற்சி எல்லாம் பிடிப்பவர் கையைப் பற்றியவை. மாமா செய்ததும் அவ்வளவே. ஷ்னாசரிடம் அந்தப் பயிற்சியை யாரும் கேட்பதில்லை.

போன வாரம் நானே கேட்டுப் பார்த்தேன். “தம்பி, ஒரு பயிற்சி வகுப்பில் சேர்த்துவிடலாமே?”

“எதுக்குக்கா, இது என்ன ராட்வைலரா?” என்றார்.