மவுண்ட் லவினியா ஹோட்டல்: தேசாதிபதியின் மாளிகையில் ஒரு மாலை

கொழும்பிலிருந்து கல்கிசைக்கு (ஆங்கிலத்தில் மவுண்ட் லவினியா) பேருந்திலும் முச்சக்கரவண்டியிலும் போகலாம் என்றாலும், மவுண்ட் லவினியா ஹோட்டலைப் பார்க்கப் போகிறவர் புகையிரதத்தில்தான் போக வேண்டும் என்பேன். ஏனெனில் அந்த மாளிகை ஹோட்டலானதே புகையிரதத்தின் தயவில்தான். கொழும்புக் கோட்டை நிலையத்தில் ஏறி வலப்பக்கச் சாளரத்தோரம் இடம் பிடித்துக்கொண்டால், கொள்ளுப்பிட்டியிலிருந்து தண்டவாளமும் கடலும் கைகோத்துக்கொள்கின்றன. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை என்று நிலையங்கள் கழிந்து கல்கிசையில் இறங்கினால், ஹோட்டல் சிறிது நடைதூரத்தில், கடலுக்குள் நீண்ட பாறைமுனையின் மேல் வெள்ளை வெளேரென்று நிற்கிறது.

இந்த இடத்தின் கதை ஹோட்டலுக்கு வெகுகாலம் முன்னரே தொடங்கிவிடுகிறது. 1805 முதல் 1811 வரை இலங்கையின் பிரித்தானியத் தேசாதிபதியாக, அதாவது ஆளுநராக, இருந்த சர் தோமஸ் மெயிட்லன்ட் தமக்கென ஒரு கடற்கரை இல்லத்தை இங்கே அமைத்துக்கொண்டார். அதைப் பெரும் மாளிகையாக்கியவர், 1824 முதல் 1831 வரை தேசாதிபதியாக இருந்த சர் எட்வர்ட் பார்ன்ஸ். கொழும்பிலிருந்து கண்டிக்குப் பெருந்தெரு அமைத்தவர் என்று பாடப்புத்தகங்களில் நாம் படித்த அதே பார்ன்ஸ்தான். தெருவிலும் வீட்டிலும் சிறியதாக எதையும் நினைக்கத் தெரியாத மனிதர் போலும்! அவர் போன பின் அரசுக்கு அந்த மாளிகை வேண்டாத சுமையாயிற்று. கடைசியில் அது தனியார் கைக்கு விற்கப்பட்டது.

பெரும்பாலானோர் இங்கு வருவது வேறொரு கதையைக் கேட்டுவிட்டுத்தான். மெயிட்லன்ட் லொவினா என்னும் நடனப் பெண்ணை விரும்பினார் என்றும், அவள் வீட்டுக் கிணற்றிலிருந்து மாளிகையின் மது நிலவறை வரை நிலத்தடியில் சுரங்கம் வெட்டுவித்தார் என்றும், அவள் பெயரே இடத்துக்கு நிலைத்தது என்றும் சொல்வார்கள். கேட்கச் சுவையான கதை. ஆனால் வரலாறென்று அதை நம்பிவிட நான் தயாராக இல்லை. கடற்பறவையைக் குறிக்கும் ‘லிஹினியா’ என்ற சிங்களச் சொல்லிலிருந்து பெயர் வந்ததென்று வாதிடுவோரும் உண்டு. பறவைகள் வந்தமரும் பாறை என்பதற்கு மொட்டைமாடியில் நின்றாலே கண்முன் சாட்சி கிடைக்கிறது. சுரங்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை.

எனக்கு இதைவிடச் சுவையாகத் தோன்றுவது 1877ஆம் ஆண்டு. அந்த ஆண்டில் கரையோரப் புகையிரதப் பாதை கல்கிசையை எட்டியது. அதே ஆண்டில் மாளிகை புதுப்பிக்கப்பட்டு ஹோட்டலாகத் திறக்கப்பட்டது. அதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, 1864இல், கொழும்பின் காலிமுகத்திடலின் ஓரத்தில் கோல்பேஸ் ஹோட்டல் தொடங்கியிருந்தது. ஆனால் அது துறைமுகத்துக்கு அருகிலுள்ள நகர ஹோட்டல். கல்கிசையோ நகரை விட்டுப் புறப்பட்டு, கடலுக்காகவே போய்த் தங்கும் இடம். காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் திரும்பலாம் என்ற வசதி இல்லாமல், ஒரு தேசாதிபதியின் வீட்டைக் கட்டணம் செலுத்தும் எவரும் தங்கக்கூடிய இடமாக மாற்ற எவருக்கும் துணிவு வந்திருக்காது. பாதை தெற்கே காலி நகரை அடைந்தது 1894இல்தான். அதுவரை தென்கரையின் கடலோர உல்லாசத்துக்குக் கொழும்புவாசிக்கு மிக எளிதாக எட்டியது இந்த முனையே.

பிற்காலத்தில் கட்டடம் பெரிதும் விரிவாக்கப்பட்டுவிட்டது. ஆகவே வரலாற்றுக்காகத் தங்க விரும்புகிறவர், அறை பதியும்போதே பழைய மாளிகைப் பகுதியில் வேண்டும் என்று சொல்லிவிடுவது நல்லது. உயர்ந்த கூரையும் வளைவுகளும் அங்கேதான். புதிய பகுதியில் கடற்காட்சி குறைவின்றிக் கிடைக்கும், ஆனால் அது எந்தக் கடற்கரை ஹோட்டலிலும் கிடைப்பதுதானே. க்வாய் நதிப் பாலத்தைப் பற்றிய 1957ஆம் ஆண்டின் ஆங்கிலப் படத்தில் இராணுவ வைத்தியசாலையாக வருவது இந்த ஹோட்டல்தான் என்பதைப் படத்தைப் பார்த்தவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

தங்க வசதியில்லாதவர்கள் மாலைத் தேநீருக்கு மட்டும் போனாலும் போதுமானது. நான் அப்படித்தான் போனேன். மேற்கு நோக்கிய மொட்டைமாடியில் அமர்ந்தால் வடக்கே கொழும்பின் உயர்ந்த கட்டடங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கீழே பாறையில் அலை மோதும் ஓசை பேச்சுக்கு இடையூறில்லாத அளவில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. தேநீர் திடமாக இருந்தது, சிற்றுண்டி அளவாக இருந்தது. தெருவோரக் கடை விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். திருமண வைபவங்களுக்குப் பேர்போன இடம் என்பதால், அமைதி வேண்டுவோர் வாரநாளைத் தேர்ந்தெடுக்கலாம். ஐந்து மணிக்கே போய்விடுங்கள். ஆறரைக்குள் சூரியன் இறங்கிவிடும், அதன்பின் நிலையத்துக்கு நடந்தால் கோட்டைக்குத் திரும்பும் வண்டியைப் பிடிக்கலாம். திரும்பும்போது உட்கார வேண்டியது இடப்பக்கம்.