இன்வெர்ட்டர் டெஸ்ட் ஆட்டோமேஷன்: லேப்வியூவா, சொந்த பைத்தானா, எஸ்விபியா?

சோலார் மாதிரி மூலங்களை கிரிட்டோட சேர்க்கிற இன்வெர்ட்டரை ஐஇஇஇ 1547.1-ங்கிற டெஸ்ட் ஸ்டாண்டர்டு படி சோதிச்சுப் பார்த்தவங்களுக்குத் தெரியும், வோல்ட்-வார்ங்கிற (கிரிட் வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி ரியாக்டிவ் பவரை மாத்துற) ஒரே ஒரு ஃபங்ஷனுக்கே மூணு கர்வ், ஒவ்வொண்ணையும் பவர் 100, 66, 20 சதவீதத்துல ஓட்டணும், அப்ப ஒன்பது ரவுண்டு ஆச்சு, ஒவ்வொரு ரவுண்டுலயும் வோல்டேஜை படிப்படியா ஏத்தி இறக்கணும். இதைக் கையால பண்ணி எக்செல்ல அடிக்கிற லேப் இன்னும் இருக்கு, பாவமா இருக்கும் பார்க்க. இதை ஆட்டோமேட் பண்ண மூணு வழியைப் பார்ப்போம்.

முதல்ல லேப்வியூ, கோடு எழுதாம பிளாக் டயக்ராம் வரைஞ்சே புரோகிராம் பண்ற சாஃப்ட்வேர், வேகமான வேலைக்கு நல்லா வரும். வோல்டேஜ் வழக்கமான அளவை விட 1.20 மடங்கைத் தாண்டினா இன்வெர்ட்டர் 0.16 செகண்டுக்குள்ள கிரிட்டை விட்டு வெளிய வந்தாகணும், அதை பிசி மீட்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பிடிக்க முடியாது, ட்ரிகர் வச்ச டேட்டா அக்விசிஷன் வேணும், அந்த செட்டப் லேப்வியூல சுலபம். ஆனா லைசென்ஸ் காசு, அதைவிட யார் எங்க என்ன மாத்தினாங்கன்னு பிளாக் டயக்ராம்ல கண்டுபிடிக்கறது பெரும்பாடு.

சொந்த பைத்தான்னா செலவில்ல. கருவிகளோட பேசற பைவிசா லைப்ரரி வச்சு கிரிட் சிமுலேட்டர், மீட்டர் ரெண்டையும் பிடிச்சிடலாம், இன்வெர்ட்டரோட பேச சன்ஸ்பெக் மோட்பஸ் புரோட்டோகால், பிளாட் வரைய மேட்பிளாட்லிப். நான் இதுலதான் ஆரம்பிச்சேன், மாட்டினதும் இதுலதான். ஸ்டாண்டர்டுல கேட்டகரி பி-ங்கிற வகை இன்வெர்ட்டருக்கு, வோல்டேஜ் மாறினதும் ரியாக்டிவ் பவரை மாத்த டீஃபால்ட் ரெஸ்பான்ஸ் டைம் 5 செகண்ட், நான் டைம்ஸ்டாம்பை பிசி கடிகாரத்துல எடுத்தேன், மீட்டரோ ஆவரேஜ் பண்ணி லேட்டா குடுக்குது, நல்லா இருந்த இன்வெர்ட்டர் ஃபெயில்னு வந்து ரெண்டு நாள் ஃபர்ம்வேரை சந்தேகப்பட்டோம்.

மூணாவது எஸ்விபி, சிஸ்டம் வேலிடேஷன் பிளாட்ஃபார்ம். அமெரிக்காவோட சாண்டியா லேபும் சன்ஸ்பெக் கூட்டமைப்பும் சேர்ந்து கொண்டு வந்தது, ஓப்பன் சோர்ஸ், உள்ள பைத்தான்தான். டெஸ்ட் ஸ்கிரிப்ட் வேற, கருவி டிரைவர் வேற, அதனால சிமுலேட்டரை மாத்தினா டிரைவரை மட்டும் மாத்தினா போதும். உங்க கருவிக்கு டிரைவர் இல்லன்னா நீங்களே எழுதணும், அது ஒண்ணுதான் சுமை.

எனக்கு எஸ்விபி பிடிக்கக் காரணம் பிளாட்ல வர்ற பாஸ் பேண்டு, அதாவது அளவு எதுக்குள்ள இருந்தா பாஸ்னு காட்டுற எல்லை. நிறைய பேர் கர்வுக்கு மேலயும் கீழயும் நேரா 5 சதவீதம் கோடு போட்டுட்டு ஃபெயில்னு முடிவு பண்றாங்க, அது தப்பு. அந்த 5 சதவீதம் ரியாக்டிவ் பவர் அளவுக்கான பிழை அனுமதி, வோல்டேஜ் அளவுலயும் 1 சதவீதம் பிழை அனுமதி இருக்கு, ரெண்டையும் ஒன்றரை மடங்கா எடுக்கணும். கேட்டகரி பி கர்வுல வோல்டேஜ் 1.02 மடங்குல இருந்து 1.08 போறதுக்குள்ள ரியாக்டிவ் பவர் 0-ல இருந்து மைனஸ் 44 சதவீதம் இறங்குது, அவ்வளவு செங்குத்து. 1.05-ல டார்கெட் மைனஸ் 22, ஆனா வோல்டேஜ் பிழையால மட்டும் 11 சதவீதம் நகரும், அது மேல 7.5, ஆக மைனஸ் 3.5-ல இருந்து மைனஸ் 40.5 வரைக்கும் பாஸ். கர்வோட தட்டையான இடத்துல இதே பேண்டு ரொம்ப ஒடுங்கிடும், அங்கதான் இன்வெர்ட்டரோட உண்மையான கோளாறு தெரியும்.

சர்டிஃபிகேஷனுக்குப் போறவங்க முதல்லயே எஸ்விபி எடுங்க. ஃபர்ம்வேர் டெவலப்மென்ட்டுக்கு சொந்த பைத்தான் போதும், பேண்டு கணக்கை மட்டும் அதுல எழுதிக்கோங்க. லேப்வியூ ஏற்கனவே ஓடுதுன்னா கிரிட்டை விட்டு வெளிய வர்றதைப் பார்க்கிற ட்ரிப் டெஸ்ட்டுக்கு வச்சுக்கோங்க, புதுசா வாங்க வேணாம். எதை எடுத்தாலும் டைம்ஸ்டாம்ப் மீட்டர்ல இருந்தே வரட்டும், மீட்டர் குடுத்த அளவுகள் அப்படியே இருக்கிற ரா சிஎஸ்வி ஃபைலை அழிச்சிடாதீங்க, பேண்டு தப்பா போட்டிருந்தா அதை வச்சு பிளாட்டைத் திரும்ப வரைஞ்சுக்கலாம்.