29,999 ரூபாயில் எவரெஸ்ட் பேஸ் கேம்ப்: முன்பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

செமஸ்டர் லீவு நெருங்கினால் இன்ஸ்டாகிராமில் இந்த மாதிரி போஸ்டர்கள் சுற்ற ஆரம்பித்துவிடும். "எவரெஸ்ட் பேஸ் கேம்ப், 10 நாள், 29,999 ரூபாய், எல்லாம் சேர்த்து, மாணவர்களுக்கு மட்டும்." நேபாளத்தில் எவரெஸ்டின் அடிவார முகாம் வரை நடந்து போய்வரும் பயணம் அது. அப்படி ஒன்றை நம்பிப் போன ஒரு கல்லூரிக் குழுவின் ரசீதுகளையும் வாட்ஸப் உரையாடல்களையும் உட்கார்ந்து பார்த்தபிறகுதான் இதை எழுதுகிறோம். ஏஜென்சியின் பெயர் வேண்டாம். இன்று இந்தப் பெயரை மூடிவிட்டு நாளை வேறு பெயரில் வருவார்கள். ஏமாற்றும் முறை தெரிந்தால் போதும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். விமானம் இறங்கி நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்கு மேலே அறை, மூன்று வேளைச் சாப்பாடு, தண்ணீர், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து, எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் நாளொன்றுக்கு 4,000 முதல் 5,000 நேபாள ரூபாய் ஆகும். நம் 1 ரூபாய்க்கு 1.6 நேபாள ரூபாய் என்பது நிலையான விகிதம். ஆக, நம் பணத்தில் 2,500 முதல் 3,100 ரூபாய். ஓய்வு நாட்களோடு ஒழுங்காகப் போய்வர ஆகும் 12 நாளுக்கு இதுவே 30,000-ஐத் தொட்டுவிடும். கைடு சம்பளம் நாளுக்கு 25 முதல் 35 டாலர். நான்கு பேர் பங்கு போட்டாலும் தலைக்கு ஏழெட்டாயிரம் ரூபாய் வரும். லுக்லா விமானம், பெர்மிட், காத்மாண்டுவில் தங்குவது எல்லாம் இதற்கு மேல். அப்படியிருக்க 29,999 ரூபாய்க்கு எப்படிக் கூட்டிப்போக முடியும்? முடியாது. அந்த நஷ்டத்தை உங்களிடமிருந்தே வேறு வழியில் எடுப்பார்கள்.

சின்ன வழிகளை முதலில் சொல்லிவிடுகிறோம். "எல்லாம் சேர்த்து" என்பதற்குக் கீழே சின்ன எழுத்தில் விமானமும் மலைமேல் சாப்பாடும் சேராது என்று இருக்கும். பெர்மிட்டிலும் கை வைப்பார்கள். எவரெஸ்ட் இருக்கும் சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுக் கட்டணம் மற்ற வெளிநாட்டினருக்கு 3,000 நேபாள ரூபாய், இந்தியர் உள்ளிட்ட சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு 1,500. நேபாளத்தின் இன்னொரு மலையேற்றப் பகுதியான அன்னபூர்ணாவில் 3,000-க்குப் பதில் 1,000. வெளிநாட்டினர் கட்டணத்தை உங்களிடம் வாங்கிக்கொண்டு சார்க் கட்டணத்தைக் கட்டுவார்கள். பெர்மிட் சீட்டு உங்கள் பெயரில்தான் இருக்கும், அதில் தொகையும் அச்சாகியிருக்கும். கையில் வாங்கிப் பாருங்கள். உள்நாட்டு விமானத்திலும் இந்தியர்களுக்குத் தனிக் கட்டணம் உண்டு. டாலர் விலை சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சீசனில் லுக்லா விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவிலிருந்து கிளம்பாது. நாலைந்து மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேசாப்பிலிருந்துதான் கிளம்பும். அங்கே போகும் நள்ளிரவு வண்டிக்கு யார் காசு கொடுப்பது என்று முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சாலை வழியாகப் போகிறவர்கள் கோரக்பூரில் "காத்மாண்டு வரை ஒரே டிக்கெட்" வாங்க வேண்டாம். சுனௌலி எல்லையைத் தாண்டியதும் அந்தச் சீட்டு செல்லாது என்று இறக்கிவிடுவார்கள். எல்லை வரை ஒரு வண்டி, எல்லையை நடந்து கடந்து அந்தப் பக்கம் வேறு வண்டி, அவ்வளவுதான். விமானத்தில் போகிறவர்களுக்கு பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை வேண்டும். கல்லூரி மாணவர்களுக்கு ஆதார் செல்லாது.

இவையெல்லாம் சில ஆயிரங்களோடு போய்விடும். உயிரோடு விளையாடும் மோசடி ஒன்று இருக்கிறது.

10 நாள் திட்டத்தை எடுத்துப் பாருங்கள். வழியில் இரவு தங்கும் ஊர்களின் உயரம் இது: நாம்சே 3,440 மீட்டர், தெங்போச்சே 3,860, திங்போச்சே 4,410, லோபுச்சே 4,940, கோரக்‌ஷேப் 5,164. 3,000 மீட்டருக்கு மேல் ஒரு இரவுக்கும் அடுத்த இரவுக்கும் இடையே 500 மீட்டருக்கு மேல் ஏறக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு தங்க வேண்டும் என்பது மலை மருத்துவத்தின் பாடம். அதனால்தான் ஒழுங்கான திட்டங்களில் நாம்சேயிலும் திங்போச்சேயிலும் இரண்டிரண்டு இரவு இருக்கும். மலிவுத் திட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது இந்த ஓய்வு நாட்கள்தான். மேலே சொன்ன குழுவுக்குத் தெங்போச்சேயிலிருந்து நேராக லோபுச்சே. ஒரே நாளில் 1,080 மீட்டர். தலைவலி, வாந்தி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆள் சோர்ந்ததும் கைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை எடுத்து விரலில் மாட்டுவார். 78 காட்டும். "இங்கேயே இருந்தால் இரவு தாங்காது, இன்சூரன்ஸ் இருக்கிறதல்லவா, ஹெலிகாப்டரைக் கூப்பிடுகிறேன்" என்பார். அந்த உயரத்தில் 80-ஐ ஒட்டிய எண் பலருக்கும் சாதாரணமாக வரும். விறைத்துப்போன விரலில் கருவி இன்னும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பாருங்கள். எண்ணை விட ஆளைப் பார்ப்பது முக்கியம்.

வெறும் தலைவலி, குமட்டல் என்றால் அன்றைக்கு மேலே ஏறாமல் அங்கேயே தங்குங்கள். குறையாவிட்டாலும் கூடினாலும் கீழே இறங்குங்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் சளி கரகரக்கிறது, தரையில் கோடு போட்டு குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் இறக்கிவிடுங்கள், அது இரவாக இருந்தாலும். அப்போது ஹெலிகாப்டர் கிடைத்தால் ஏறுங்கள். செலவு பார்க்கும் நேரமில்லை அது. ஏமாற்றுக்குப் பயந்து உண்மையான ஆபத்தில் தயங்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம். சீசனில் அதே வழியில் உள்ள பெரிச்சே என்ற ஊரில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் கிளினிக் திறந்திருக்கும். அங்கே மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள், கைடு சொல்வதை அல்ல.

ஒரு ஹெலிகாப்டருக்கு 3,000 முதல் 5,000 டாலர் வரை பில் போடுவார்கள். ஒரே ஹெலிகாப்டரில் மூன்று பேரை ஏற்றி, மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தனித்தனியாக முழுப் பில் அனுப்புவார்கள். ஏஜென்சிக்கும் கைடுக்கும் காத்மாண்டு மருத்துவமனைக்கும் அதில் பங்கு. 2018-ல் நேபாள அரசு அமைத்த விசாரணைக் குழுவே இதை வெளிக்கொண்டு வந்தது. அதன்பிறகும் இது அடியோடு நின்றுவிடவில்லை. நஷ்ட விலையில் ஏன் கூட்டிப்போகிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

"இன்சூரன்ஸ்தானே கொடுக்கும்" என்று நினைக்காதீர்கள். நம்மூரில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பயணப் பாலிசிகள் பலவற்றில் மலையேற்றமே சேராது, அல்லது குறிப்பிட்ட உயரம் வரைதான் சேரும். இந்தப் பயணத்தில் எவரெஸ்டைப் பார்க்க ஏறும் காலா பத்தர் குன்று 5,500 மீட்டருக்கு மேல். பாலிசியில் 6,000 மீட்டர் வரை என்றும் ஹெலிகாப்டர் மீட்பு உண்டு என்றும் எழுத்தில் இருக்க வேண்டும். தங்களிடம் முன் அனுமதி வாங்காமல் ஹெலிகாப்டரில் ஏறினால் பணம் தராத கம்பெனிகள் உண்டு. அந்தக் குழுவில் ஒரு மாணவிக்கு நடந்தது இதுதான். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டது, பில்லைக் கட்டும்வரை பாஸ்போர்ட்டைக் கொடுக்க மறுத்தார்கள், ஊரில் அப்பா நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். எனவே இன்சூரன்ஸ் கம்பெனியின் 24 மணி நேர எண் ஏஜென்சியிடம் இருந்தால் போதாது. உங்கள் ஒவ்வொருவர் போனிலும் இருக்கட்டும், நீங்களே பேசுங்கள். நிரப்பாத மருத்துவப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். ஹெலிகாப்டரில் உங்களோடு எத்தனை பேர் இருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள், முடிந்தால் படமெடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஏஜென்சியிடம் கம்பெனிப் பதிவு, சுற்றுலாத் துறை உரிமம், கைடின் அரசு அடையாள அட்டை மூன்றின் படமும் கேளுங்கள். எந்த இரவு எந்த ஊரில், எத்தனை மீட்டரில் என்று தேதி வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். சுமை தூக்கி வரும் போர்ட்டருக்குக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள். தனிநபரின் கூகுள் பே எண்ணுக்கு முழுத் தொகையைக் கேட்டால் விட்டுவிடுங்கள். கையில் காசு குறைவு என்றால் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் போங்கள். 4,130 மீட்டர்தான், பக்கத்து நகரமான போக்ரா வரை பஸ் போகும், லுக்லா விமானச் செலவே இல்லை.

ஏற்கெனவே பணம் கட்டி ஏமாந்திருந்தால் அன்றைக்கே 1930-க்கு அழைத்துச் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். நேரம் போகப்போக அந்தப் பணத்தை முடக்குவது கடினம். நேபாளத்தில் இருக்கும்போது என்றால் சுற்றுலாக் காவல்துறையின் எண் 1144, அலுவலகம் காத்மாண்டு பிரிகுடிமண்டபத்தில். போஸ்டர், உரையாடல், ரசீது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு ஏஜென்சியிடம் சண்டை போடுங்கள். சண்டை தொடங்கியதும் அவர்கள் முதலில் செய்வது உங்களை பிளாக் செய்து பக்கத்தை அழிப்பதுதான்.