ராத்திரி பாபநாசம் பஸ்: இறக்கிவிடத் தெரிந்த கண்டக்டர்

திருநெல்வேலி டவுன் ரதவீதி ஜவுளிக்கடையில் வேலை முடித்து, ஜங்ஷன் வந்து, பாபநாசம் போகும் இந்த பஸ்ஸில்தான் கல்லிடைக்குறிச்சிக்குத் திரும்புவேன். சீட்டெல்லாம் சுமார்தான். ஆனாலும் காத்திருந்து இதில்தான் ஏறுகிறேன். காரணம், டிரைவரும் கண்டக்டரும்.

போன வாரம் பேட்டை தாண்டியதும் பின்வாசல் பக்கம் நின்ற ஓர் ஆள், காலேஜ் பிள்ளை ஒருத்தியை உரசிக்கொண்டே போனில் படம் எடுக்கப் பார்த்தார். கண்டக்டர் கூட்டத்தை விலக்கி வந்து, "அண்ணாச்சி, போனை உள்ள வைங்க, முன்னால வந்து நில்லுங்க" என்றார். கேட்கவில்லை. மறுபடி சொன்னதும், "டிக்கெட் எடுத்துருக்கேன், என்னை எறக்க நீ யாரு?" என்று எகிறினார். கண்டக்டர் குரலை உயர்த்தவே இல்லை. "சேரன்மகாதேவில எறங்கும்வே, இல்லன்னா ஸ்டேஷன்ல நிறுத்துதேன்." டிரைவரும் அங்கே நிறுத்தி, அவர் இறங்கும்வரை வண்டியை எடுக்கவில்லை.

காசு கொடுத்தவரை இறக்கலாமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். இறக்கலாம். தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் 2022-ல் வந்த திருத்தம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. பெண்களை முறைப்பது, கண்ணடிப்பது, விசிலடிப்பது, கேட்காமல் படம் எடுப்பது எல்லாம் அதில் அடக்கம். எச்சரித்தும் திருந்தாதவரைக் கண்டக்டர் இறக்கிவிடலாம், வழியிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்கலாம். ஏற்றிவிடும் சாக்கில் பெண்களைத் தொடும் கண்டக்டரையும் அதே திருத்தம் விடவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது, இறக்கிய இடம். பத்தமடைக்கு முன்னால் வயலும் இருட்டும்தான். அங்கே தள்ளிவிடாமல், கடையும் வெளிச்சமும் அடுத்த பஸ்ஸும் இருக்கிற ஊராகப் பார்த்து இறக்கினார். வேறொரு வண்டியில், சில்லறை இல்லை என்பதற்காக ஒரு ஆச்சியை ஸ்டாப்பே இல்லாத இடத்தில் இறக்கியதைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்திருக்கிறது. டிக்கெட் இல்லாமல் பயணம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டம் 178-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம் உண்டு, சரி. ஆனால் இருநூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறவர் டிக்கெட் வேண்டாம் என்றா சொல்கிறார்?

இந்த பஸ்ஸில் சரிசெய்ய வேண்டியது இரண்டு. பின்வாசல் விளக்கு எரிவதில்லை. அந்த விதியையும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. அந்தப் பிள்ளை ஒரு வார்த்தை பேசாமல் ஒடுங்கித்தான் நின்றாள். கண்டக்டரைக் கூப்பிட்டால் அவர் என்ன செய்ய முடியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது. ஜன்னலுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.