சளிக் காய்ச்சலுக்கு மெடிக்கலில் தரும் செட் மாத்திரை: ஐந்துக்கு ஒன்றரை ஸ்டார்

“அண்ணே, உடம்பு வலி, மூக்கு ஒழுகுது, மூணு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்று சொன்னால் போதும், கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தந்துவிடுவார். டாக்டர் ஃபீஸ் கிடையாது, டோக்கன் கிடையாது, 40 ரூபாய்க்குள் வேலை முடிந்தது. விளம்பரமே இல்லாமல் ஓடும் சரக்கு இது, யாரும் ரிவ்யூ எழுதிப் பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். நான் வாங்கியது எங்கள் தெருமுனைக் கடையில், பெயர் வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். கேட்கிறது. போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ச்சல் இறங்கும், மூக்கு ஒழுகுவது குறையும், தூக்கம் அப்படியே ஆளைச் சாய்த்துவிடும். அந்தத் தூக்கம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கலாம் என்றுதான் கவரைக் கொட்டினேன். வேளைக்கு நாலு மாத்திரை. வெட்டிய துண்டு ஒன்றில் பாதிப் பெயர், மற்றதில் வெறும் வெள்ளித்தாள், காலாவதித் தேதி எதிலும் இல்லை. திரும்பப் போய் முழு அட்டைகளையும் காட்டச் சொன்னேன். முகம் சுளித்தாலும் காட்டினார்கள், அதற்கு அரை ஸ்டார்.

ஒன்று பாராசிட்டமால் 650. இன்னொன்று சளிக்கான கூட்டு மாத்திரை, அதற்குள்ளும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், கூடவே ஃபினைலெஃப்ரின் 10, குளோர்ஃபெனிரமின் 2. அப்புறம் அலர்ஜிக்கான செட்டிரிசின் 10. கடைசியாக வயிற்றுக்கு பான்டோபிரசோல் 40. அது வழக்கமாகக் காலையில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு வேளை போடுவது, இங்கே மூன்று வேளையும் “சாப்பிட்டுட்டு போடுங்க சார்”.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வேளைக்கு பாராசிட்டமால் 1,150, மூன்று வேளைக்கு 3,450 மில்லிகிராம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு உச்சவரம்பு 4,000. செட்டோடு நின்றால் எல்லைக்குள்தான், ஆனால் நடுராத்திரி காய்ச்சல் திரும்பி வந்து, வீட்டு டப்பாவில் இருக்கும் 650-இல் ஒன்றை எடுத்துப் போட்டால் 4,100 ஆகிவிடும், கவரில் ஏற்கெனவே என்ன போனது என்று தெரியாதவர் நிச்சயம் போடுவார். குடிப்பவர்கள், ரொம்ப மெலிந்தவர்கள், ஈரலில் ஏற்கெனவே பிரச்சினை உள்ளவர்களுக்கு அந்த 4,000-மே அதிகம். பாராசிட்டமால் அளவு மீறினால் முதல் நாள் வெறும் குமட்டலோடு போய்விடும், ஈரல் அடிவாங்கியது பிறகுதான் தெரியவரும். அதனால் “எனக்கு ஒண்ணும் ஆகலையே” என்பதை நான் ஏற்க மாட்டேன்.

தூக்கத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. குளோர்ஃபெனிரமினும் செட்டிரிசினும் தூக்கம் வரவைக்கும் ஒரே வகை அலர்ஜி மருந்துகள், இரண்டையும் சேர்த்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. 10 மில்லிகிராம் செட்டிரிசின் ஒரு நாளைக்கு ஒன்று போதும், இங்கே மூன்று. இதைப் போட்டுக்கொண்டு பைக் எடுப்பவர்களை நினைத்தால்தான் பயம். ப்ராஸ்டேட் வீக்கம் உள்ள தாத்தாக்களுக்குக் குளோர்ஃபெனிரமினால் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும்.

ஃபினைலெஃப்ரின் கதை இன்னும் வேடிக்கை. வாய்வழியாக வழக்கமான அளவில் எடுத்தால் மூக்கடைப்புக்கு அது வேலை செய்வதில்லை என்று 2023 செப்டம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆலோசனைக் குழு சொன்னது, 2024 நவம்பரில் டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் மூக்கடைப்பு மருந்துகளின் பட்டியலிலிருந்து அதை நீக்கும் முன்மொழிவும் வந்தது. பிரஷர் உள்ளவர்களுக்கு இது ஆகாது என்பது வேறு. குழந்தைகள் விஷயத்தில் நம் நாட்டிலேயே உத்தரவு இருக்கிறது: குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த மருந்தை 4 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரில் மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமையகம் சொல்லிவிட்டது. பெரியவர்களின் செட்டில் பாதியை உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் வீடுகள் இதைக் கவனிக்கட்டும்.

என் கவரில் வலி மாத்திரை இல்லை, ஆனால் பல கடைகளில் டைக்ளோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ சேர்த்துவிடுவார்கள். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருந்தால் இவை ரத்தக்கசிவைக் கிளப்பிவிடலாம், அதனால் காரணம் தெரியாத காய்ச்சலுக்கு பாராசிட்டமாலைத் தாண்டவே வேண்டாம். அட்டையில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் அது டாக்டர் சீட்டில்லாமல் வாங்கக் கூடாதது, ஆன்டிபயாட்டிக்குகளில் அதைப் பார்க்கலாம். சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எதற்கும் உதவாது.

மாற்று வேண்டுமென்றால், பஸ் ஸ்டாண்ட் பக்கம் இன்னொரு மெடிக்கல் இருக்கிறது. அங்கே ஃபார்மசிஸ்ட் அம்மா “பிரஷர், சுகர் இருக்கா? வேற என்ன மாத்திரை போடுறீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே திரும்புவார். செட் கேட்டவருக்கு பாராசிட்டமால் முழு அட்டையும் மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டும் கொடுத்து, ரெண்டு மாத்திரைக்கு நடுவில் ஆறு மணி நேரம் இடைவெளி விடுங்கள், மூன்றாவது நாளும் காய்ச்சல் இருந்தால் ரத்தம் டெஸ்ட் பண்ணுங்கள், மூச்சு வாங்கினால் அதுவரை காத்திருக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். அட்டை 30 ரூபாய் சொச்சம், பெயரும் தேதியும் கையில் இருக்கிறது, மிச்சம் அடுத்த தடவைக்கு ஆகும். நாலரை ஸ்டார். ஞாயிறு மதியத்துக்கு மேல் ஷட்டரை இறக்கிவிடுவார்கள், அரை ஸ்டார் அதில் போனது.