மிட்சீசன் பவர் ரேங்கிங் ரிப்போர்ட்: ஒரு மாசத்துக்கு காசு கட்டலாம், வருசத்துக்கு வேணாம்

நம்ம ஊர்ல ஹாக்கின்னா எல்லாருக்கும் மைதானத்துல ஆடற ஹாக்கிதான் ஞாபகம் வரும், அதுல தப்பே இல்ல, 1975ல உலகக் கோப்பை இங்க கோலாலம்பூர்ல நடந்தப்ப செமிபைனல்ல நம்ம மலேசியா இந்தியாகிட்ட 2-1ன்னு முன்னாடி இருந்துட்டு கடைசில 3-2ன்னு தோத்தத எங்கப்பா இன்னிக்கும் நேத்து நடந்த மாதிரி சொல்வாரு. நான் இங்க எழுதறது ஐஸ் ஹாக்கி, அமெரிக்கா கனடாவுல நடக்கற என்எச்எல் லீக், அதுலயும் நாங்க 10 பேரு சேந்து ஆடற ஃபேண்டசி லீக் பத்தி. கனடாவுல படிச்சிட்டு வந்த மச்சான் ஒருத்தன் ஆரம்பிச்சு வச்சது, இப்ப ஆறாவது வருசம் ஓடுது, லீக்க நடத்தற கமிஷனர் வேலைய நான்தான் பாக்கறேன். போன சீசனும் (2024-25) இந்த சீசனும் (2025-26) ஒரு இணையதளத்துல காசு கட்டி மிட்சீசன் பவர் ரேங்கிங் ரிப்போர்ட் வாங்கினோம், அதாவது சீசன் பாதியில எந்த டீம் எவ்ளோ பலம்னு வரிசைப்படுத்தி தர்ற ரிப்போர்ட். வாங்கலாமான்னு நாலஞ்சு பேரு என்கிட்ட கேட்டுட்டாங்க, ஒவ்வொருத்தருக்கா வாட்சப்ல பதில் போடறதுக்கு ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்தேன். தளத்தோட பேர போடல, இந்த மாதிரி ரிப்போர்ட் தர்ற எடம் நெறய இருக்கு, நான் சொல்றத வச்சு நீங்க எதப் பாத்தாலும் எடை போட்டுக்கலாம்.

புதுசா வர்றவங்களுக்கு கொஞ்சம் சொல்லிர்றேன். இந்த 2025-26 சீசன் என்எச்எல்ல 32 டீம், ஒவ்வொரு டீமும் 82 மேட்ச், ஜனவரி நடுவுல பாதி தாண்டிரும். நாங்க ஆளாளுக்கு நிஜ ஆட்டக்காரங்கள எடுத்து ஒரு டீம் வச்சிருப்போம், அவங்க அடிக்கற கோல், அசிஸ்ட் (கோலுக்கு எடுத்து குடுக்கறது), ஷாட், ஹிட் (எதிராளிய மோதறது), பிளாக் (ஷாட்ட தடுக்கறது) எல்லாத்துக்கும் புள்ளி, வாரத்துக்கு ஒருத்தர் இன்னொருத்தரோட மோதணும். டைம்தான் நமக்கு அழகா அமைஞ்சிருக்கு, குளிர்காலத்துல நியூயார்க் பக்கம் ராத்திரி 7 மணி மேட்ச் நமக்கு காலைல 8 மணி, ஞாயித்துக்கிழமைன்னா பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு ஒட்டுக்கடையில பசியாற உக்காந்துட்டு ரொட்டி சானாய பிச்சுக்கிட்டே ஸ்கோர் பாக்கலாம். ஃபேண்டசி விளையாட்டுல பிரபலமான ஒரு வகைக்கு பேரே சாப்பாட்டுக் கடையிலேர்ந்து வந்ததுதான், 1980ல டேனியல் ஒக்ரென்ட்டும் அவரு கூட்டாளிங்களும் பேஸ்பாலுக்கு இத ஆரம்பிச்சப்ப நியூயார்க்ல அவங்க கூடுன ரெஸ்டாரன்ட் பேருதான் அதுக்கு ரொட்டிசரின்னு நின்னு போச்சு. எங்க கடைக்காரர்கிட்ட இத சொன்னேன், அவரு ஒரு தே தாரிக் (ஆத்துன பால் டீ) சும்மா குடுத்தாரு.

சரி ரிப்போர்ட்டுக்கு வர்றேன். லீக் ஆப்போட இத இணைச்சு விட்டா நம்ம லீக் கணக்க மொத்தமா படிச்சிட்டு, 10 டீமையும் 1லேர்ந்து 10 வரைக்கும் வரிசைப்படுத்தி, ஒவ்வொன்னுக்கும் ஒரு பக்கம் காரணம் எழுதி குடுக்குது. இதுல காசு குடுத்ததுக்கு மதிப்பு இருக்கற பக்கம்னா அது ஆல்பிளே பக்கம்தான். அதாவது ஒரு வாரத்துல நீங்க எடுத்த புள்ளிய அந்த வாரம் மோதுன ஒருத்தரோட மட்டும் இல்லாம மத்த 9 பேரோடயும் வச்சு பாக்கறது. 13 வாரம் ஆச்சுன்னா ஆளுக்கு 117 ஒப்பீடு. அதிர்ஷ்டம் எவ்ளோ, டீம் எவ்ளோன்னு இதுல பளிச்சுன்னு தெரிஞ்சிரும்.

எங்க லீக்ல நடந்தத சொல்றேன். கிள்ளான் அண்ணன் 13 வாரத்துல 9 ஜெயிச்சு பட்டியல்ல ரெண்டாவது எடம், தீபாவளிலேர்ந்தே கோப்பை எனக்குத்தான்னு சொல்லிட்டு திரியறாரு. செந்தூல் அக்கா 5 ஜெயிச்சு 8 தோத்து எட்டாவது எடம், அவங்களே மனசு விட்டுட்டாங்க, அடுத்த வருசம் நான் வரல தம்பி, வேற ஆள பாத்துக்கன்னு சொல்லிட்டாங்க. ரிப்போர்ட் வந்துச்சு பாருங்க, அண்ணன் ஏழாவது, அக்கா ரெண்டாவது! அண்ணனுக்கு 117ல 51, அக்காவுக்கு 117ல 74. அண்ணன் ஒத்துக்கவே இல்ல, ரிப்போர்ட் பொய்யுன்னு கடையில சண்ட, அப்பறம் நான் போன எடுத்து வாரா வாரம் தொறந்து காட்டுனேன். ஆறாவது வாரம் அக்கா 241 எடுத்திருக்காங்க, லீக்லயே அந்த வாரம் ரெண்டாவது பெரிய ஸ்கோர், அவங்களோட மோதுன ஆளு 243. அதே வாரம் அண்ணன் 158, கடைசிக்கு முந்துன எடம், அவரோட மோதுனவன் 149, அண்ணன் ஜெயிச்சிட்டாரு. இப்படி நாலு வாரம் இருக்கு. அக்கா அந்த 241-243 வாரத்த கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தாங்க, அப்பறம் "அப்ப நான் நல்லாத்தான்டா ஆடியிருக்கேன்"ன்னு சொன்னாங்க. இப்ப அடுத்த வருசமும் வர்றாங்க. எனக்கு இந்த ஒரு பக்கத்துக்கே குடுத்த காசு செரிச்சிருச்சு, உண்மையா சொல்றேன், ஒரு நல்ல ஆள லீக்ல தக்க வைக்கறது கமிஷனருக்கு எவ்ளோ பெரிய விஷயம்னு நடத்துறவங்களுக்குத்தான் தெரியும்.

இனிமே குறை. பவர் ரேங்கிங்னா இதுவரைக்கும் என்ன ஆச்சுங்கறது பாதிதான், இனிமேல் யாரு பலமா இருப்பாங்கன்னு சொல்றதுதான் மீதி பாதி, அதுல இந்த ரிப்போர்ட் ரொம்ப தடுமாறுது. முன்னாடி எடுத்த சராசரிய அப்படியே இழுத்து நீட்டி வச்சு இதான் உன் எதிர்காலம்னு குடுக்குது. போன சீசன்ல எங்க மச்சான் டீம முதல் எடத்துல போட்டுச்சு, காரணம் மிக்கோ ரண்டனென். கொலராடோ டீம்ல 49 மேட்ச்ல 64 பாயின்ட் (கோலும் அசிஸ்டும் சேத்து), பக்கத்துல மெக்கினன் மாதிரி ஒரு பெரிய ஸ்டார், யாரா இருந்தாலும் முதல் எடம்தான் குடுப்பாங்க. 2025 ஜனவரி 24, நமக்கு சனிக்கிழமை, திடீர்னு அவர கரோலினா டீமுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. அது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதுக்கு நான் ரிப்போர்ட்ட குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்கப்பறம் வாரா வாரம் அப்டேட்னு ஒன்னு அனுப்புறாங்கல்ல, அதுலயும் அதே கொலராடோ சராசரிய வச்சுத்தான் கணக்கு போட்டிருக்காங்க, புது டீம், புது லைன் (கூட சேந்து எறங்கற ஆளுங்க), பவர்ப்ளேல (எதிர் டீம்ல ஆளு குறையற நேரத்துல) எந்த எடத்துல நிக்க வைக்கறாங்க, ஒன்னையும் பாக்கல. கரோலினாவுல 13 மேட்ச்ல அவரு எடுத்தது 6 பாயின்ட். மார்ச் 7ஆம் தேதி அங்கேர்ந்தும் டல்லாஸுக்கு அனுப்பிட்டாங்க. மச்சான் ரிப்போர்ட்ட நம்பி கையில இருந்த ஆள விக்காம வச்சிட்டிருந்தான், கடைசில அஞ்சாவது எடம், பிளேஆஃப்க்கு நாலு பேருதான்.

டொராண்டோ ஆட்டக்காரர் ஆஸ்டன் மாத்யூஸ் விஷயமும் இதே கததான், 2023-24ல 69 கோல் அடிச்ச மனுசன் அடுத்த சீசன்ல 33, நடுவுல அடிபட்டு மேட்ச் போச்சு, ஆனா சீசன் பாதியிலயும் பழைய பேர வச்சே எடை போட்டிருந்தாங்க.

கோலி, அதாவது கோல்கீப்பர் பக்கம் இன்னும் மோசம். ஃபேண்டசில கோலிதான் பாதி டீம்னு சொல்வேன். 2024-25ல வின்னிபெக் கோலி கானர் ஹெல்லபக் 47 மேட்ச் ஜெயிச்சு குடுத்தாரு, ஹார்ட் டிராபி (லீக்ல மதிப்பு மிக்க ஆட்டக்காரருக்கு), வெசினா டிராபி (சிறந்த கோலிக்கு) ரெண்டும் அவருக்கே போச்சு, அவர வச்சிருந்தவங்க மத்த எடத்துல கொஞ்சம் சொதப்புனாலும் தப்பிச்சிருக்காங்க. ஆனா எல்லா டீம்லயும் ஒரே ஆளு நிக்க மாட்டாரு, சில டீம்ல ரெண்டு பேரு மாத்தி மாத்தி நிப்பாங்க, அடுத்தடுத்த நாள் மேட்ச் வந்தா ஒன்னுக்கு பெரும்பாலும் பேக்கப் கோலிதான் எறங்குவாரு. யாரு நிக்கறாங்கன்னு அங்க காலைல பயிற்சி முடிஞ்சப்பதான் தெரியும், அது நமக்கு நடுராத்திரி 12 மணி வாக்குல. நாங்கள்லாம் அலாரம் வச்சு பாத்துட்டு படுக்கற ஆளுங்க. ரிப்போர்ட்டுக்கு இந்த வித்தியாசமே தெரியல, வாரத்துக்கு மூணு மேட்ச் நிக்கற கோலியும் ஒன்னோ ரெண்டோ நிக்கற கோலியும் மேட்ச் சராசரி ஒன்னா இருந்தா அதுக்கு ஒன்னுதான்.

அப்பறம் காலண்டர். அமெரிக்காவுல செவ்வா, வியாழன், சனி ராத்திரி மேட்ச் குமிஞ்சு கெடக்கும், அதாவது நமக்கு புதன், வெள்ளி, ஞாயிறு காலை. அன்னிக்கு உங்க ஆளுங்க எல்லாரும் ஆடுவாங்க, ஆனா லைன்அப்ல எடம் இவ்ளோதான், நல்ல ஆள பெஞ்ச்ல உக்கார வைக்க வேண்டி வரும், அவரு ரெண்டு கோல் அடிச்சாலும் உங்களுக்கு ஒன்னும் கெடைக்காது. மேட்ச் கம்மியா இருக்கற நாள்ல ஆடறவங்கள பாத்து எடுக்கறவன்தான் புத்திசாலி. பூச்சோங் தம்பி ஒருத்தன் இருக்கான், யூனிவர்சிட்டி படிக்கறான், பெரிய பேரு ஒன்னுமே அவன் டீம்ல கெடையாது, ஆனா வாரா வாரம் நம்ம செவ்வா, வியாழன் காலைல ஆடற டீம்லேர்ந்து ஒரு ஆள தூக்கிப் போட்டு மத்தவங்கள விட நாலஞ்சு மேட்ச் கூட ஆட வச்சிர்றான். ரிப்போர்ட் அவன ஆறாவதுல வச்சு "நட்சத்திரம் இல்லாத டீம்"னு எழுதியிருக்கு. எனக்கு படிச்சதும் கோவமே வந்துச்சு, அவன் உழைப்பு அதுல ஒரு வரி கூட இல்ல.

இந்த சீசன்ல இன்னொரு பெரிய ஓட்டை. பிப்ரவரி 2026ல மிலான் ஒலிம்பிக், 2014 சோச்சிக்கு அப்பறம் இப்பதான் என்எச்எல் ஆட்டக்காரங்க ஒலிம்பிக் போறாங்க, அதனால தைப்பூசம் முடிஞ்ச அதே வாரக் கடைசிலேர்ந்து கிட்டத்தட்ட மூணு வாரம் லீக் நிக்குது. யாரு போறாங்க, யாரு வீட்ல ரெஸ்ட் எடுக்கறாங்க, அடிபட்டு கெடக்கறவங்களுக்கு இந்த மூணு வாரம் எவ்ளோ பெரிய வரம், இதெல்லாம் வச்சுத்தான் ரெண்டாவது பாதிய பேசணும். 14 பக்க ரிப்போர்ட்ல இத பத்தி ஒன்னுமே இல்ல.

காசு விஷயம்: மாசத்துக்கு எடுத்தா நம்ம காசுக்கு 27 வெள்ளி (ரிங்கிட்) கிட்ட வருது, டாலர்ல கழிக்கறதால கார்டு கமிஷனும் சேரும். வருசத்துக்கு எடுத்தா சல்லிசுன்னு போட்டிருப்பாங்க, நான் போன சீசன் அதுல விழுந்தேன், சீசன் முடிஞ்சு ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் அதுல ஒன்னுமே இருக்காது. ரத்து பண்ணப் போனா பட்டன் எங்க இருக்குன்னே தெரியல, ஈமெயில் போட்டா 6 நாள் கழிச்சு பதில், அதுக்குள்ள மறு வருசத்துக்கும் கழிச்சிட்டாங்க, திருப்பி வாங்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. நீங்க எடுத்தா எடுத்த அன்னிக்கே தானா புதுப்பிக்கறத நிறுத்தி வச்சிருங்க.

இப்ப நாங்க என்ன பண்றோம்னு சொல்றேன். செந்தூல் அக்கா ஒரு கம்பெனில அக்கவுன்ட்ஸ் பாக்கறவங்க, ரிப்போர்ட்லேர்ந்து அந்த ஆல்பிளே பக்கத்த மட்டும் எடுத்து ஒரு கணக்கு நோட்டுல சிவப்பு பேனாவுல கோடு போட்டு எழுதிக்கிட்டாங்க, பக்கத்துலயே ஒவ்வொரு டீமுக்கும் கோலி எத்தன தடவ நிக்கறாரு, ஒலிம்பிக் பிரேக்குக்கு முன்னாடி எத்தன மேட்ச், மேட்ச் கம்மியான நாள்ல எத்தன, அடிபட்டவங்க எப்ப வர்றாங்கன்னு நாலு கட்டம். ஷாட் கணக்கும் பாப்பாங்க, லீக் முழுக்க பாத்தா பத்து ஷாட்டுக்கு ஒரு கோல் வாக்குலதான் விழும், ஒருத்தன் பாதி சீசன்ல அஞ்சு ஷாட்டுக்கு ஒரு கோல்னு அடிச்சிட்டிருந்தா அது நிக்காதுன்னு அவன் பேருக்கு பக்கத்துல ஒரு வட்டம் போட்டு வைப்பாங்க. போன சீசன் ரிப்போர்ட் முதல் எடத்துல வச்ச மச்சான் டீம அக்கா அந்த ட்ரேட் நடந்த மறுவாரமே நாலாவதுக்கு எறக்கிட்டாங்க, அப்ப எல்லாரும் பொறாமைன்னு கிண்டல் பண்ணோம், நடந்தது மேல எழுதியிருக்கேன். இந்த வருசம் அக்கா நோட்டுல முதல் எடம் பூச்சோங் தம்பிக்கு, ரெண்டாவது அவங்களே, கிள்ளான் அண்ணன் ஆறாவது, கோலி ரெண்டு பேரும் நல்லாருக்காங்க அண்ணே, அதனால ஒரு எடம் ஏத்தியிருக்கேன்னு சொல்லி சமாதானம் பண்ணாங்க. நான் நாலாவது, சரியான எடம்தான், என் டிஃபென்ஸ் ஆளுங்க யாரும் பவர்ப்ளேல நிக்கறதில்ல.

அஞ்சுக்கு மூணு குடுக்கறேன். 8 பேருக்கு மேல இருக்கற லீக், வாரா வாரம் ஒருத்தரோட ஒருத்தர் மோதற லீக்னா ஜனவரில ஒரு மாசம் மட்டும் எடுங்க, 10 பேருக்கு பங்கு போட்டா ஆளுக்கு 3 வெள்ளி கூட இல்ல. சீசன் மொத்த புள்ளிய கூட்டி பாக்கற லீக்னா ஆல்பிளேக்கு அங்க வேலையே இல்ல, எடுக்காதீங்க. ட்ரேட் பண்றதுக்கு இத மட்டும் நம்பி எறங்கவே எறங்காதீங்க. நான் இந்த மாசத்தோட நிறுத்திட்டேன். பிரேக்குக்கு முந்துன ஞாயிறு தைப்பூசம், அன்னிக்கு எல்லாரும் பத்துமலை போயிருவோம், அதனால அதுக்கு முந்துன ஞாயிறு காலைல 8 மணிக்கு கடையில கூடறோம், அக்கா புது பட்டியல் படிப்பாங்க, கிள்ளான் அண்ணன் 7 மணிக்கே வந்து எடம் புடிச்சு வைக்கறேன்னு சொல்லியிருக்காரு.