என்பிடெல் சேரலாமா? முதலில் மென்டர் யார் என்று கேளுங்கள்

என்பிடெல் ஆன்லைன் பாடத்தில் சேரலாமா, காசு கட்டி எக்ஸாம் எழுதலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். நான் இரண்டு பாடம் எடுத்தேன். ஒன்றில் ஃபெயில், இன்னொன்றில் எலைட், அதாவது நல்ல மார்க் வாங்கினால் கிடைக்கும் சான்றிதழ். இரண்டிலுமே வீடியோவில் நடத்திய பேராசிரியர்கள் அருமையாக நடத்தினார்கள், நானும் அதே ஆள்தான். மாறியது எங்கள் காலேஜில் எனக்குக் கிடைத்த மென்டர், அதாவது கூட இருந்து வழிகாட்ட வேண்டிய ஆசிரியர்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 2003-ல் ஏழு ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து ஆரம்பித்தது என்பிடெல், சான்றிதழ் தரும் ஆன்லைன் பாடங்கள் 2014-ல் இருந்து நடக்கின்றன, இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் சேர வேண்டும். பாடங்கள் 4, 8, 12 வாரம் என்று இருக்கும். சேருவதும் படிப்பதும் இலவசம், சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குக் கட்ட வேண்டும், நான் எழுதியபோது ஒரு பாடத்துக்கு 1000 ரூபாய். வாராவாரம் வீடியோ வரும், அசைன்மென்ட் வரும், கடைசியில் நேரில் போய் எழுதும் தேர்வு. காலேஜ் லோக்கல் சாப்டராக, அதாவது என்பிடெலின் உள்ளூர்க் கிளையாகப் பதிவாகியிருந்தால் அங்கே ஒரு ஆசிரியர் ஸ்பாக், அதாவது ஒருங்கிணைப்பாளர், அவருக்குக் கீழே பாடத்துக்குப் பாடம் மென்டர்கள் இருப்பார்கள். யுஜிசி 2021-ல் கொண்டுவந்த விதிப்படி ஒரு செமஸ்டரில் 40 சதவீதம் வரை பாடங்களை ஸ்வயம் மூலம் எடுக்கலாம் என்பதால் காலேஜ்களும் இதில் மும்முரமாக இருக்கின்றன.

என் முதல் பாடம் மூன்றாவது செமஸ்டரில், 12 வாரம். டிபார்ட்மென்டில் லிஸ்ட் போட்டு அறுபது பேரை ஒரு சாரிடம் கொடுத்தார்கள். வாட்ஸ்அப் குரூப் ஒன்று ஆரம்பித்தார். புதன்கிழமை சாயங்காலம் ஆனால் "இன்று கடைசி நாள், அனைவரும் சப்மிட் செய்யவும்" என்று மெசேஜ் வரும், செய்யாதவர்கள் பெயர் மறுநாள் வரும். பன்னிரண்டு வாரமும் இதுதான். பாடத்தைப் பற்றி ஒரு வரி பேசியதில்லை, நாங்களும் கேட்கவில்லை. டெலிகிராமில் யாரோ போடும் விடைகளைப் பார்த்து டிக் அடித்து அனுப்பினோம், நானும்தான் செய்தேன். அந்த சார் மேல் எனக்குக் கோபமில்லை, அவருக்கு அந்த செமஸ்டரில் நாலு வகுப்பு, அதோடு ஃபைல் வேலை வேறு, மென்டர் என்றால் நினைவூட்டுவது என்றுதான் அவருக்கே சொல்லப்பட்டிருந்தது.

அசைன்மென்டில் 25-க்கு 24 வாங்கினேன். தேர்வில் 75-க்கு 27. கூட்டினால் 51 வருகிறது, 40 வாங்கினால் பாஸ் என்றுதானே நினைத்திருந்தோம்? ஆனால் அசைன்மென்டில் 10, தேர்வில் 30 என்று இரண்டிலும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும், ஒன்றில் குறைந்தாலும் மொத்தம் எவ்வளவு இருந்தாலும் சான்றிதழ் கிடையாது. இந்த விதி பாடத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் அறுபது பேரில் அதைப் படித்துக் காட்ட ஒருவர் இல்லை. அப்பா கொடுத்த ஆயிரம் ரூபாயும் மதுரைக்குப் போய்வந்த பஸ் காசும் போனது.

அடுத்த முறை எடுத்தது சென்னை மேத்தமேட்டிகல் இன்ஸ்டிட்யூட்டின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம், 8 வாரம். இதற்கு மென்டர் ஒரு மேம். முதல் நாளே சொன்னார், "நானும் இந்தப் பாடத்தில சேர்ந்திருக்கேன், உங்களோட சேர்ந்து அசைன்மென்ட் போடப் போறேன், செவ்வாய்க்கிழமை மூன்றரைக்கு லேபுக்கு வாங்க." கட்டாயமில்லை என்றார். முதல் வாரம் ஒன்பது பேர், நாலாவது வாரம் இருபத்திரண்டு பேர்.

லேபில் மேம் பாடம் நடத்த மாட்டார். வீடியோ பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும், பார்க்காதவர்கள் பின் வரிசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு முன்னால் வரலாம், திட்டு கிடையாது. போர்டில் நாலு வரி புரோகிராம் எழுதுவார், என்ன பிரிண்ட் ஆகும் என்று கேட்பார், கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. ஒரு நாள் எழுதியது இது: ஒரு லிஸ்ட்டுக்கு ஒரு பெயர், அதே லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயரும் வைத்துவிட்டு, இரண்டாவது பெயர் வழியாக ஒரு எண்ணைச் சேர்க்கிறோம். இப்போது முதல் பெயரைப் பிரிண்ட் செய்தால் புது எண் வருமா, வராதா? கை தூக்கச் சொன்னார். வராது என்று பெரும்பாலானவர்கள், நானும் அதில் ஒருத்தி. விடையைச் சொல்லவில்லை. "எதிர்ப் பக்கம் கை தூக்குன ஒருத்தரைப் பிடிச்சு மூணு நிமிஷம் வாதாடுங்க" என்றார்.

என்னிடம் வந்தவள் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவள், வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். என்பிடெல் தளத்தில் நிறைய பாடங்களுக்குத் தமிழில் எழுத்து வடிவம் இருக்கிறது, மேம்தான் அதைக் காட்டியிருந்தார், அவள் படித்துவிட்டு வந்திருந்தாள். என் நோட்டில் ஒரு பெட்டி வரைந்து, இரண்டு அம்புக்குறி போட்டு, "பெட்டி ஒண்ணுதான்டி, பேர்தான் ரெண்டு" என்றாள். எனக்குச் சட்டென்று பிடிபட்டது. திரும்பக் கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் மாறியிருந்தோம். அப்புறம் மேம் சொன்னார், "வீட்டில பாப்பான்னு கூப்பிடுவாங்க, ரெஜிஸ்டர்ல வேற பேர். பாப்பாவுக்கு ஊசி போட்டா ரெஜிஸ்டர்ல இருக்கற பொண்ணுக்கு வலிக்காதா?" தேர்வு முடிந்து எவ்வளவோ நாளாகியும் இது மறக்கவில்லை.

கை தூக்கி, வாதாடி, திரும்பக் கை தூக்கும் இந்த முறையை ஹார்வர்டில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர் 1990-களிலேயே பிரபலமாக்கினார் என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். 2014-ல் 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு அமெரிக்கக் கட்டுரையும் இருக்கிறது, வெறும் லெக்சர் மட்டும் கேட்ட மாணவர்கள் ஃபெயிலாகும் வாய்ப்பு, வகுப்பில் தாங்களே செய்து பேசிப் படித்தவர்களைவிட ஒன்றரை மடங்கு என்று அதில் வந்தது. என் இரண்டு செமஸ்டரை வைத்துப் பார்த்தால் நான் அதை நம்புகிறேன்.

அசைன்மென்ட் விடையை மேம் சொல்லவே மாட்டார். அதே மாதிரி வேறு ஒரு கேள்வி தயார் செய்து போடுவார், யார் எங்கே தப்புகிறார்கள் என்று ஒரு சின்ன நோட்டில் குறித்துவைப்பார், அடுத்த வாரம் அதிலிருந்துதான் ஆரம்பம். பிஎம்ஆர்எஃப் என்ற பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கும் ஆராய்ச்சி மாணவர்கள் என்பிடெல் பாடங்களுக்கு லைவ் வகுப்பு எடுக்கிறார்கள் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். அசைன்மென்ட் மார்க் நான் ஃபெயிலான பாடத்தைவிடக் குறைவு, ஆனால் மொத்தம் 71, எலைட்.

குறை என்றால் ஏற்பாட்டில்தான். மென்டருக்கு யார் சப்மிட் செய்தார்கள், எவ்வளவு மார்க் என்று தெரியும், யாருக்குப் புரிந்தது என்பது நேரில் உட்கார்ந்து கேட்டால்தான் தெரியும். அறுபது பேரை ஒருவரிடம் கொடுத்தால் அவரால் எப்படி முடியும்? மேம் எங்களோடு உட்கார்ந்ததுகூட காலேஜ் நேரத்துக்கு வெளியேதான், அந்த ஒரு மணி நேரம் அவருடைய வேலைக் கணக்கில் வராது.

சேரப் போகிறவர்கள் பாட லிஸ்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்பாக்கிடம் போய், எந்தப் பாடத்துக்கு யார் மென்டர், அவரும் அந்தப் பாடத்தில் சேர்ந்திருக்கிறாரா, வாரத்தில் ஒரு நாளாவது நேரில் உட்காருவாரா என்று கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், ஆயிரம் ரூபாய் உங்களுடையது. அப்படி யாரும் இல்லை என்றால் நாலு பேர் சேர்ந்து நீங்களே உட்காருங்கள், எங்கள் ஹாஸ்டலில் இப்போது அப்படித்தான் நடக்கிறது.

என் மதிப்பெண்: பாடத்துக்கு ஐந்துக்கு நாலரை, மெசேஜ் மட்டும் அனுப்பும் மென்டர் முறைக்கு ஒன்று, செவ்வாய்க்கிழமை லேபுக்கு ஐந்துக்கு ஐந்து. இந்த செமஸ்டரில் அந்த ஒரு மணி நேரத்தை டைம்டேபிளில் சேர்க்கச் சொல்லி இருபத்திரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு பிரின்சிபாலிடம் கொடுத்திருக்கிறோம். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.